பாய்மரப் பயிற்சிக் கப்பலுக்குப் பிள்ளைகளை அனுப்புமுன்

பாய்மரக் கப்பலில் இளையோருக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று பேச்செடுத்தால், பினாங்கில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெற்றோர் முதலில் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: "அவ்வளவு உயரத்துல ஏறச் சொல்வாங்களா டீச்சர்?" கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் மாணவர்களோடு அப்படியொரு கப்பலில் சென்று வந்தவள் என்ற முறையில், பாய்மரம் ஏறுவது அந்தப் பயணத்தின் மிகச் சிறிய பகுதி என்றே எனக்குப் படுகிறது. வேண்டாம் என்றால் ஏறாமலும் இருக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. யாராலும் தவிர்க்க முடியாததும், யாரும் படம் எடுக்காததும், பிள்ளைகளிடம் உண்மையில் ஏதேனும் செய்வதும் இரவும் பகலும் முறை மாறி நடக்கும் காவல் பணிதான். ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியும், அதற்குப் பிள்ளைகளை எப்படி ஆயத்தப்படுத்துவது என்பதைப் பற்றியும் இருக்கும்.

நான் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கற்பிக்கிறேன். கடல்சார்ந்த புறப்பாட நடவடிக்கைக்கும் பொறுப்பாசிரியை. வெளிநாட்டுக் கொடி தாங்கிய ஒரு பயிற்சிக் கப்பல் ஜோர்ஜ்டவுனில் அணைந்தபோது, லங்காவி வரைக்குமான அதன் பயணத்தில் உள்ளூர் இளையோர் சிலரையும் ஏற்றிக்கொள்ள இசைந்தது. மாணவர்களுக்குத் துணையாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதால் நானும் சென்றேன். இரண்டு பாய்மரங்கள் கொண்ட பிரிகன்டைன் வகைக் கப்பல் அது. முன்மரத்தில் குறுக்குமரங்களில் கட்டிய சதுரப் பாய்களும், பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் அமையும் பாய்களும் இருப்பது அந்த வகையின் அடையாளம்.

இவ்வகைக் கப்பல் நம் நாட்டுக்குப் புதிதன்று. அரச மலேசியக் கடற்படையிடம் 1989 முதல் துனாஸ் சமுத்திரா என்ற 44 மீட்டர் நீளமுள்ள பிரிகன்டைன் இருக்கிறது. இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் கட்டப்பட்ட அந்தக் கப்பலுக்கு யங் எண்டெவர் என்ற உடன்பிறப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் குடியேறி இருநூறாண்டு நிறைந்த 1988இல் பிரிட்டன் அதை ஆஸ்திரேலியாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. இரண்டையும் வடிவமைத்தவர் கொலின் முடி. இந்தியக் கடற்படைக்காகக் கோவாவில் கட்டப்பட்டு 1997இல் பணியில் சேர்ந்து, பின்னர் 2003-04இல் உலகைச் சுற்றி வந்த முதல் இந்தியக் கடற்படைக் கப்பல் என்ற பெயரைப் பெற்ற தரங்கிணியும் அவர் வரைந்ததே. பயிற்சிக் கப்பல்கள் ஒன்றுகூடிப் போட்டியிடும் வழக்கம் 1956இல் இங்கிலாந்தின் டோர்பேயிலிருந்து லிஸ்பன் வரை நடந்த ஓட்டத்தில் தொடங்கியது. மாலுமிகளில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தப் போட்டிகளின் விதி. கடலுக்குப் போகாமல் கரையோரத்திலேயே இதை ஒத்த பயிற்சி பெற விரும்புவோருக்கு லூமுட்டில் 1950கள் முதல் இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் நிலையம் இருக்கிறது.

கப்பலில் ஏறிய முதல் நாள் பாதி, கயிறுகளிலேயே கழிந்தது. பாயை ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, சுருக்க ஒன்று, அதன் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்க ஒன்று, குறுக்குமரத்தைத் திருப்ப இருபக்கமும் ஒவ்வொன்று எனப் பல பத்துக் கயிறுகள், தளத்தின் ஓரத்தில் வரிசையாகச் செருகியிருக்கும் முளைகளில் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். அவற்றில் எதன் மீதும் பெயர் எழுதியிருக்காது. முதலில் மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் வைப்பில் ஓர் ஒழுங்கு உண்டு: பாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதன் கயிறு பெரும்பாலும் அவ்வளவு பின்னால் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவர்கள் மாலைக்குள் தேறிவிட்டார்கள். ஒவ்வொன்றின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்கியவர்கள் இரண்டாம் நாளும் தடுமாறினார்கள். தேர்வுக்குப் படிப்பதில் நம் பிள்ளைகள் பெற்றிருக்கும் பழக்கம் இங்கே கைகொடுப்பதில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது.

கயிற்றை இழுப்பதில் சில விதிகள் உடனே சொல்லப்பட்டன. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. பாய் திடீரென்று காற்றை வாங்கினால் கையோடு ஆளையும் இழுத்துப் போகும். சுருண்டு கிடக்கும் கயிற்றின் வளையத்துக்குள் கால் வைத்து நிற்கக் கூடாது. தளர்த்தும்போது கயிறு உள்ளங்கையில் வழுக்கி ஓட விடாமல் கை மாற்றிக் கை மாற்றி விட வேண்டும். இல்லாவிட்டால் தோல் எரிந்துவிடும். கையின் வலுவால் இழுக்காமல் உடலின் எடையைக் கொடுத்து, அழைப்பவரின் குரலுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஒல்லியான மாணவிகள் நால்வர் குரலுக்கு இணங்கி இழுத்தபோது ஏறிய பாய், உடற்கட்டுள்ள மாணவர்கள் மூவர் ஆளுக்கொரு பக்கமாக மல்லுக்கட்டியபோது அசையவில்லை. அதற்குப் பின் அந்த மூவரும் குரலுக்காகக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

இனி, 'வாட்ச்' என்று கப்பலில் சொல்லப்படும் காவல் முறைக்கு வருகிறேன். பயிற்சி பெறுவோரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் நான்கு மணி நேரப் பணியும் எட்டு மணி நேர ஓய்வும் ஒதுக்குகிறார்கள். மாலை 4 முதல் 8 வரையுள்ள முறையை மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாக வெட்டிவிடுவதால் ஒரு நாளில் ஏழு முறைகள் அமைகின்றன. ஏழு மூன்றால் வகுபடாது. ஆகவே ஒவ்வொரு நாளும் குழுக்களின் நேரம் தானாக நகர்ந்து, நள்ளிரவு முதல் அதிகாலை 4 வரையுள்ள கொடுமையான முறை ஒரே குழுவின் தலையில் விழாமல் எல்லாருக்கும் சுழன்று வருகிறது. யார் கண்டுபிடித்தார்களோ, அவர் நல்ல கணக்காசிரியராக இருந்திருப்பார்.

பணியில் இருக்கும் குழு நான்கு வேலைகளை மாற்றி மாற்றிச் செய்கிறது: ஒருவர் சுக்கான் பிடிக்கிறார், ஒருவர் முன்னால் நின்று கடலைக் கண்காணிக்கிறார், ஒருவர் ஒவ்வொரு மணி நேரமும் கப்பலைச் சுற்றி வந்து பார்க்கிறார், மற்றவர்கள் பாய் வேலைக்குத் தயாராக இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் கடினமான வேலையன்று. பதினாறு வயதுப் பிள்ளை எவரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதை அதிகாலை 3 மணிக்கு, பாதித் தூக்கத்தில், கீழே முப்பது நாற்பது பேர் தன்னை நம்பித் தூங்கிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியிருப்பதே இந்தப் பயிற்சியின் சாரம். நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளையை நம்பி யாரும் தூங்குவதில்லை. அவன் படிக்கிறானா என்று பார்க்கப் பெற்றோர்தாம் விழித்திருக்கிறார்கள்.

முறை மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த குழு பத்து நிமிடம் முன்னதாகவே மேலே வந்துவிட வேண்டும்; இருட்டுக்குக் கண் பழக வேண்டும் என்பது ஒரு காரணம். சுக்கான் பிடிப்பவர் தம் இடத்துக்கு ஆள் வந்து, திசையை வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்து, வந்தவர் அதைத் திருப்பிச் சொன்ன பின்னரே நகரலாம். ஒருவர் தாமதித்தால் தண்டனை எதுவும் கிடையாது. மணியடிப்பதோ பெயர் குறிப்பதோ கிடையாது. அவருடைய நண்பர் குளிரில் கூடுதலாக நிற்பார், அவ்வளவுதான். பள்ளியில் காலைக் கூட்டத்துக்குத் தாமதமாக வருவதில் பெயர் எடுத்த ஒரு மாணவன் எங்களோடு வந்திருந்தான். கட்டொழுங்கு ஆசிரியரின் பதிவேட்டில் அவன் பெயர் இல்லாத மாதம் அபூர்வம். முதல் இரவு அவன் வரத் தாமதமாக, சுக்கானில் இருந்த மாணவி ஒரு வார்த்தையும் கடிந்து பேசாமல் திசையை ஒப்படைத்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டே கீழே இறங்கிப் போனாள். அடுத்த முறைக்கு அவன் எல்லாருக்கும் முன்பே வந்து நின்றான். பள்ளியில் எத்தனையோ விதமாக முயன்று பார்த்த எங்களுக்குக் கிட்டாத பலன் அது என்பதை ஒரு பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

கண்காணிப்பு நிற்பவர் பார்த்ததை எல்லாம் சொல்ல வேண்டும். அது முக்கியமா இல்லையா என்று தீர்மானிப்பது அதிகாரியின் வேலை. எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மரத்தின் மேல் வெள்ளை என்று விளக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். லங்காவியை நெருங்கும் இரவில், வடக்கே தாய்லாந்துக் கடல் பக்கம் அடிவானம் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்ததைக் கண்ட ஒரு மாணவி, ஒரு பெரும் கப்பற்படையே வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போவதாக அறிக்கை கொடுத்தாள். கணவாயைக் கவர்ந்திழுக்க மீனவர்கள் தொங்கவிடும் பச்சை விளக்குகள் அவை. அதிகாரி சிரிக்கவில்லை, அறிக்கைக்கு நன்றி சொல்லிவிட்டு, ராடாரில் அந்தப் படகுகளைக் காட்டி, அவற்றின் வலைகளுக்கு எவ்வளவு தொலைவு விட்டுப் போகிறோம் என்று விளக்கினார். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லாமல் இருப்பதுதான் குற்றம் என்ற இந்த ஏற்பாட்டை நான் பிறகு என் வகுப்பில் கொண்டுவர முயன்று வருகிறேன், எளிதாக இல்லை.

சுக்கான் பிடிப்பதில் எல்லாரும் ஒரே மாதிரித் திணறினார்கள். கப்பல் சக்கரத்துக்கு உடனே இணங்காது. திருப்பினால் சற்று நேரம் கழித்துத்தான் முகம் திரும்பத் தொடங்கும், தொடங்கினால் எளிதில் நிற்காது. புதியவர்கள் திசைகாட்டியையே உற்றுப் பார்த்து, முள் விலகியதும் பெரிதாகத் திருப்பி, பிறகு அதற்கு எதிராகப் பெரிதாகத் திருப்பி, பின்னால் நுரையில் பாம்புபோல ஒரு தடத்தை விட்டுச் செல்வார்கள். சரியான திசை வந்ததும் அதற்கு நேரே ஒரு விண்மீனைத் தேர்ந்துகொண்டு, அது பாய்மரக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கும்படி மெல்லத் திருப்பு, திசைகாட்டியை அவ்வப்போது பார், விண்மீன் நகர்ந்துகொண்டே இருக்குமாதலால் கால் மணிக்கொருமுறை வேறொன்றைத் தேர்ந்துகொள் என்று சொல்லிக்கொடுத்த பின் தடம் நேரானது.

மணிக்கொருமுறைச் சுற்றும் அப்படியே. இயந்திர அறை, அடித்தளத்தில் தேங்கும் நீர், சமையலறை, கதவுகள், தளத்தில் அவிழ்ந்து கிடக்கும் கயிறுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கப்பலின் இருப்பிடம், திசை, காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தன் கையெழுத்துக்குக் கீழே அடுத்த மணி நேரத்துக்கான எண்கள் வேறுபட்டிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். பார்க்காமலே எழுதும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடியது. அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்த பின் யாரும் முயலவில்லை.

மரம் ஏறுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கேட்பார்கள். பயணத்துக்கு முன் மாணவர்களைக் கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துச் சென்று, 1882இல் எழுப்பிய கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்க்க வைத்தேன். பாய்மரத்தை ஒத்த அந்த எஃகுச் சட்டகத்தின் உயரம் 21 மீட்டர். ஏற மனமில்லாதவர்கள் அங்கேயே அதை முடிவு செய்துகொண்டார்கள், அதில் எந்த இழுக்கும் இல்லை. ஏறுபவர்கள் பாதுகாப்பு வாரை அணிந்து, காற்று வரும் பக்கமாக ஏற வேண்டும். அப்போது கப்பலின் சாய்வும் காற்றும் உடலைக் கயிற்றோடு சேர்த்து அழுத்தும். கையால் பிடிப்பது செங்குத்தான தடித்த கயிறுகளை மட்டுமே, குறுக்கே இருக்கும் படிக் கயிறுகள் அறுந்துபோகக்கூடும் என்பதால் அவற்றில் கால் மட்டும் வைக்க வேண்டும். குறுக்குமரத்தின் கீழே தொங்கும் கால்கயிற்றில் அடி வைக்கும் முன் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருவர் மிதித்தால் அதில் ஏற்கெனவே நிற்பவர்களின் கால் உயரும். சட்டைப்பையில் எதுவும் இருக்கக் கூடாது. மேலிருந்து விழும் பேனாவும் கீழே நிற்பவருக்கு ஆயுதம். கைப்பேசிக்கும் அதே விதிதான், ஆகவே மேலே நின்று எடுத்த படம் எதையும் பெற்றோர் எதிர்பார்க்க வேண்டாம்.

மலாக்கா நீரிணையில் காற்று பல நேரங்களில் மெலிந்தே வீசும். சதுரப் பாய்க் கப்பலோ காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் நெருங்கிப் போக இயலாதது. ஆகவே எங்கள் பயணத்தின் கணிசமான நேரம் இயந்திரத்தின் துணையில்தான் கழிந்தது. பாய்களைப் பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதே நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா சூறைக்காற்று என்ற ஒன்று உண்டு. இரவில் சுமத்ராவிலும் நீரிணையிலும் இடிமேகங்கள் ஒரு நீண்ட கோடாகத் திரண்டு கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ நம் மேற்குக் கரையைத் தாக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை வீசி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பினாங்கில் குடியிருப்போர் விடியற்காலையில் ஜன்னலைச் சாத்த எழுவது பல நேரம் இதனால்தான்.

அப்படி ஒன்று எங்களுக்கும் வந்தது. வந்ததைவிட, வருவதற்கு முன் நடந்தவையே சொல்லத் தக்கவை. மேற்கே மின்னல் தெரிந்ததாகக் கண்காணிப்பில் இருந்த மாணவன் சொன்னதும், ராடாரில் கோடு தெரிவதற்குக் காத்திராமல் அதிகாரி மேல் பாய்களை இறக்கச் சொன்னார். ஓய்விலிருந்த குழுவையும் எழுப்பினார்கள். எல்லாரும் மிதவை அங்கி அணிந்தார்கள். கதவுகள், காற்றுத் துளைகள், தளத்து மூடிகள் ஒவ்வொன்றும் சாத்தப்பட்டு, சாத்தியதாக ஒருவர் சொல்ல, இன்னொருவர் சென்று சரிபார்த்தார். காற்று வந்தபோது கப்பல் சாய்ந்தது, மழை பக்கவாட்டில் அடித்தது, அரை மணி நேரத்தில் அச்சத்தைவிட நனைந்த சட்டையின் குளிரே பெரிதாகிவிட்டது. காற்று வரும்வரை சும்மா நிற்கிறோமே என்று முணுமுணுத்த ஒருவனுக்கு, அந்தக் காத்திருப்பின் விலையை அதிகாரி பிறகு விளக்கினார்.

அதற்கு அவர் சொன்ன உதாரணங்களை நானும் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு மறைப்பதில் பயனில்லை. 1984 ஜூன் மாதம் பெர்முடாவிலிருந்து புறப்பட்ட போட்டியில் மார்க்கிஸ் என்ற பாய்மரக் கப்பலைச் சூறைக்காற்று சாய்த்து, ஒரு நிமிடத்துக்குள் கடல் விழுங்கியது. கப்பலில் இருந்த 28 பேரில் 19 பேர் இறந்தார்கள். 2010 பிப்ரவரி 17ஆம் நாள் பிரேசில் கரைக்கு அப்பால் கன்கோர்டியா என்ற கனடியப் பயிற்சிக் கப்பலும் சூறைக்காற்றில் கவிழ்ந்தது. மாணவர்கள் உட்பட 64 பேரும் உயிர்காப்பு மிதவைகளில் ஏறி, ஏறத்தாழ இரண்டு நாள் கழித்து வணிகக் கப்பல்களால் மீட்கப்பட்டார்கள். திறந்திருந்த கதவுகளும் ஜன்னல்களும் வழியே நீர் புகுந்ததும், காற்றின் வேகத்துக்கேற்ப எவ்வளவு பாய் வைக்கலாம் என்று காட்டும் அட்டவணையைப் பணியிலிருந்தவர் பயன்படுத்தாததும் கப்பல் மூழ்கக் காரணங்கள் என்று விசாரணை கண்டது. அத்தனை பேரும் உயிரோடு திரும்பியதற்கு, கப்பலை விட்டு வெளியேறும் ஒத்திகையை அவர்கள் பலமுறை செய்திருந்தது பெருங்காரணம். ஆகவே ஒரு பயணத்துக்குப் பிள்ளையை அனுப்பும் முன் அமைப்பாளரிடம் நான் கேட்கச் சொல்வது இவை: புறப்பட்ட முதல் நாளே வெளியேறும் ஒத்திகை நடக்குமா, உயிர்காப்பு மிதவைகள் எத்தனை பேருக்குப் போதும், இரவில் எத்தனை நிரந்தர ஊழியர்கள் விழித்திருப்பார்கள், கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்த நாட்டு அதிகாரத்தால் எப்போது வழங்கப்பட்டது. நல்ல கப்பல்காரர்கள் இந்தக் கேள்விகளை விரும்புவார்கள். முகம் சுளிப்பவர்களிடம் பிள்ளையை அனுப்பத் தேவையில்லை.

நம் குடும்பங்களில் கடல் என்றதும் எழும் தயக்கத்துக்கு வேறொரு வேரும் உண்டு. ஒரு மாணவியின் பாட்டி, "நாங்க ராஜுலாவுல பட்ட பாடு போதாதா?" என்று கேட்டார். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம் துறைகளை பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த அந்தக் கப்பலின் தளத்தில், ஆயிரக்கணக்கானோருக்கு நடுவே பாய் விரித்துப் படுத்து வந்த தலைமுறை அது. அவர்களுக்குக் கப்பல் என்பது வாந்தியும் நெரிசலும் பிரிவும். அந்த அனுபவத்தை மறுத்துப் பேச நான் முயலவில்லை. பேத்தி எங்கே படுப்பாள், என்ன சாப்பிடுவாள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் சொன்னேன். பாட்டிக்குத் தேவைப்பட்டதும் அதுதான். பெண் பிள்ளைகளுக்குத் தனி உறங்கும் அறையும் கழிவறையும் உண்டா, பெண் ஊழியர் இருக்கிறாரா, மாதவிலக்கு நாளில் நனைந்த துணியோடு நான்கு மணி நேரம் நிற்க நேரிட்டால் மாற்று ஏற்பாடு என்ன என்பவற்றைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

உணவைப் பற்றியும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மாட்டிறைச்சி உண்ணாதவர், சைவர், குறிப்பிட்ட கிழமையில் மட்டும் சைவம் உண்பவர் எனத் தனித்தனியாகச் சொன்னால் சமையற்காரர் புறப்படும் முன்பே பொருள் வாங்கிக்கொள்வார். நடுக்கடலில் சொன்னால் ரொட்டியும் முட்டையும்தான். கடல்மயக்கத்துக்கான மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. மருத்துவரிடம் கேட்டு, முன்னதாகவே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால் அதைக் குழுத் தலைவருக்கும் சொல்ல வேண்டும். மயக்கம் வந்தால் கீழே போய்ப் படுக்கத் தோன்றும்; அதைவிடக் கப்பலின் நடுப்பகுதியில், மேல்தளத்தில், அடிவானத்தைப் பார்த்தபடி இருப்பது மேல். சுக்கானைக் கையில் கொடுத்தால் பலருக்கு அது தணிந்துவிடுகிறது. ஒரு தாயார் கொடுத்தனுப்பிய உப்பு நார்த்தங்காய், மாலுமிகள் உட்பட எல்லாராலும் கேட்டு வாங்கப்பட்டு இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது.

மோதிரம், வளையல், காப்பு, மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ஓடும் கயிற்றில் மோதிரம் சிக்கினால் விரலே போய்விடும். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மனம் வராத பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டிலேயே பெரியவர்கள் கையால் கழற்றி, பையில் மடித்துக் கொடுத்தனுப்பினால் கப்பலில் அந்தச் சங்கடம் வராது. கடினமான பெட்டி வேண்டாம், அதை வைக்க இடம் கிடையாது. மடிக்கக்கூடிய துணிப்பையே ஏற்றது. செருப்பு அணிய விடமாட்டார்கள், ரப்பர் அடிப்பாகம் கொண்ட மூடிய காலணி வேண்டும். கீழ்த்தளம் வெக்கையாக இருக்கும். தண்ணீர் குடிக்கப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். கரையை விட்டுச் சில மணி நேரத்தில் கைப்பேசித் தொடர்பு அறுந்துவிடும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்வதைவிடப் பெற்றோருக்குத்தான் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட மருத்துவப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். ஆஸ்துமா, வலிப்பு, மன அழுத்தத்துக்கான மருந்து, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் ஆகியவற்றை எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று மறைக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்குக் கப்பலில் ஏற்பாடு செய்ய முடியும். தெரியாததற்குத்தான் செய்ய முடியாது. நீச்சலைப் பல கப்பல்கள் கட்டாயமாக்குவதில்லை. ஆனாலும் தண்ணீரில் அஞ்சாமல் மிதக்கத் தெரிந்த பிள்ளை இரவில் தளத்தில் நிற்கும்போது எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பதைக் கண்டபின், புறப்பாட்டுக்குச் சில மாதம் முன்பே நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்த்துவிடச் சொல்கிறேன்.

திரும்பி வந்த பிள்ளை ஒன்றிரண்டு நாள் தரை ஆடுவதாகச் சொல்லும், நேரங்கெட்ட நேரத்தில் விழித்துக்கொள்ளும். இரண்டும் தாமாகவே சரியாகிவிடும். ஆளே மாறி வருவான் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாறுகிறார்கள். தாமதத்துக்குப் பெயர் போன அந்த மாணவனின் தாயார், அவன் சட்டை இன்னும் அறைத் தரையில்தான் கிடக்கிறது என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். காலைக் கூட்டத்துக்கும் அவன் சில நாள் தாமதமாகவே வந்தான். ஆனால் ஆண்டிறுதி முகாமுக்கு இரவுக் காவல் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கி, மூன்று குழுக்களாகப் பிரித்து, மாலை முறையை இரண்டாக வெட்டி, அவனே எழுதிக் கொண்டுவந்தான். முதல் இரவின் நள்ளிரவு முறையைத் தன் குழுவுக்கே போட்டிருந்தான். முகாமுக்கு இவ்வளவு காவல் தேவையா என்று தலைமையாசிரியர் கேட்டார். தேவையில்லைதான், இருந்தாலும் பட்டியலில் கையெழுத்திட்டோம்.